பின் கதவு ஸ்பீக்கர்கள்: மாற்றிப் பார்த்த அனுபவம்

கம்பத்திலிருந்து குமுளிக்கு ஏறும் மலைப்பாதையில் வாரந்தோறும் ஓடுகிற எங்கள் நான்கு கதவுப் பிக்கப் வண்டியில், கச்சேரி வைத்தால் பாட்டுக் கேட்கிறது, மிருதங்கம் கேட்கவில்லையே என்று பின்னிருக்கையில் அமரும் என் தாயார் பல மாதங்களாகச் சொல்லிவந்தார். முன்னே ஓட்டுகிறவனுக்கு அந்தக் குறை எட்டாது. ஒரு நாள் வண்டியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்து கேட்டபோதுதான் அவர் சொன்னதன் உண்மை எனக்குப் பிரத்தியட்சமாயிற்று.

கார் என்றால் பின்கண்ணாடிக்குக் கீழுள்ள பலகையில் பெரிய ஸ்பீக்கர்களைப் பதித்துவிடலாம். பிக்கப்பிலோ, இருக்கையின் முதுகு நேராகக் கேபினின் பின்சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பதால், பின் கதவை விட்டால் அவற்றுக்கு வேறு ஸ்தானமே இல்லை. கைப்பிடிக் குழியில் மறைந்திருந்த திருகுகளைக் கழற்றி, டோர் பேடை ஓரத்திலிருந்து கிளிப் கிளிப்பாக நெம்பி எடுத்துப் பார்த்தேன். வண்டியோடு வந்த ஸ்பீக்கர், மெல்லிய காகிதக் கூம்பும், எலுமிச்சம்பழத்தைப் பாதியாக நறுக்கி வைத்தாற்போன்ற ஒரு சிறு காந்தமும் கொண்டதாய், உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியாதபடி இருந்தது.

புதிதாக வாங்கியது ஆறரை அங்குல, அதாவது ஏறக்குறைய 165 மில்லிமீட்டர் அளவுள்ள, 4 ஓம் கோஆக்ஸியல் ஜோடி. அட்டைப் பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் வாட் எண்ணைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. தனி ஆம்ப் இல்லாத சாதாரண ஸ்டீரியோ, தன்மேல் 50 வாட் என்று எழுதியிருந்தாலும், ஒரு ஸ்பீக்கருக்கு இடைவிடாமல் தரக்கூடியது 20 வாட்டை ஒட்டியே இருக்கும். ஆதலால் பார்க்கவேண்டியது சென்சிட்டிவிட்டி என்னும் எண். அது 3 டெசிபெல் கூடினால், ஸ்டீரியோவின் சக்தியை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். காந்தத்தின் ஆழத்தையும் கண்ணாடியை முழுதும் கீழே இறக்கி வைத்தே அளக்கவேண்டும்; இல்லாவிடில் கண்ணாடி வந்து அதில் இடித்து நிற்கும்.

கடையில் மாட்டிக்கொண்டு வந்த அன்று சாரீரம் துலக்கமாகக் கேட்டது. ஆனால் மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலை பேசிற்றே தவிர, கீழ்ஸ்தாயி நாதம் தரும் இடது முகமான தொப்பி வாய் திறக்கவில்லை. எனக்கு அது பெரிய மனவருத்தமாயிருந்தது. ஸ்டீரியோவின் கப்ளரைக் கழற்றிவிட்டு, ஒன்றரை வோல்ட் பேட்டரி செல் ஒன்றை வயர்களில் கணநேரம் தொட்டுப் பார்த்தேன். வலது கதவின் கூம்பு வெளியே வந்தது. இடது கதவின் கூம்போ உள்ளே போயிற்று. ஒரு பக்கத்தில் பிளஸ் மைனஸ் மாறியிருந்தமையால், ஒன்று தள்ளிய காற்றை மற்றொன்று இழுத்துக்கொண்டிருந்தது. வயரை மாற்றிக் கொடுத்ததில் பாதிக் குறை தீர்ந்தது.

மீதிக் குறை கதவிலேயே இருந்தது. கூம்பு முன்புறம் காற்றைத் தள்ளும் அதே கணத்தில் பின்புறம் இழுக்கிறது. உள்தகட்டின் பெரிய துவாரங்கள் வழியே அவ்விரண்டு அலைகளும் கலந்துவிட்டால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், அதிலும் கீழ்ஸ்தாயி நாதமே அதிகமாக நஷ்டமடையும். 1925இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் இன்றைய ஸ்பீக்கருக்கு மூலமான அமைப்பை வெளியிட்டபோதே, கூம்பின் முன்னையும் பின்னையும் பிரிக்க ஒரு தடுப்புப் பலகை அவசியம் என்பதை அறிந்திருந்தார்கள். நம் வண்டியில் கதவுதான் அந்தப் பலகை. துவாரங்களுள்ள பலகை பலகையாகாது.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும், அலுமினிய முகமுள்ள பியூட்டைல் டேம்பிங் ஷீட்டை வெட்டி, துவாரங்களை அடைத்து, சிறு உருளையால் மூலை முடுக்கெல்லாம் அழுத்தி ஒட்டினேன். ஸ்பீக்கருக்கும் டோர் பேடுக்கும் நடுவே நுரை வளையம் ஒன்றும் வைத்தேன். கதவின் அடியில் மழைநீர் வடியும் துளைகளை மட்டும் மறந்தும் அடைக்கலாகாது. ஸ்பீக்கரைத் தாங்கும் வளையமும் பிளாஸ்டிக்கில் இருப்பதே நல்லது, எம்.டி.எஃப். பலகையில் செய்தது ஈரத்தில் ஊதிப்போகும். இவ்வளவுக்கும் ஆன செலவு ஸ்பீக்கர் விலையில் பாதிகூட இல்லை. பலனோ, ஸ்பீக்கரால் விளைந்ததைக் காட்டிலும் அதிகம். தகர டப்பாவைப்போலச் சத்தமிட்டு மூடிய கதவு இப்போது அடங்கிய ஓசையுடன் மூடிக்கொள்கிறது.

அடுத்த வாரம் மலையேறும்போது, தனி ஆவர்த்தனம் தொடங்கிய சற்று நேரத்தில், "தொப்பி இப்பத்தான் பேசுதுப்பா" என்றார் என் தாயார். செங்குத்தான ஏற்றத்தில் டீசல் எஞ்சின் முழங்கும்போது அந்த நாதம் சற்று அமுங்கத்தான் செய்கிறது. கதவு ஸ்பீக்கரிடம் சப்வூஃபரின் காரியத்தை எதிர்பார்ப்பது நியாயமன்று.

பின்னிருக்கையில் மனிதர்கள் அமராத வண்டியென்றால் இந்தப் பணத்தை முன் கதவுகளுக்கே செலவிடுங்கள். பெற்றோரும் குழந்தைகளும் அமரும் வண்டியென்றால் தயங்காமல் மாற்றுங்கள். கடையில் மாட்டுவதானால், டோர் பேடைத் திரும்பப் பூட்டுவதற்கு முன் கையில் ஒரு பேட்டரி செல்லுடன் பக்கத்தில் நின்று, இரண்டு கூம்புகளும் ஒரே திசையில் அசைகின்றனவா என்று உங்கள் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.