இரண்டாம் பாகத்தில் கட்டை சுமப்பவன் எங்கே?

1

'மொதோ பார்ட் அளவுக்கு இல்லப்பா.'

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்கு எதிரே டீ குடித்துக்கொண்டு நிற்கிற யாரிடம் வேண்டுமானாலும் ஒரு படத்தின் இரண்டாம் பாகம் எப்படி என்று கேட்டுப்பாருங்கள். பெரும்பாலும் இந்த ஒரு வாக்கியம்தான் பதில். காரணம் கேட்டால் 'என்னமோ ஒண்ணு கொறையுது' என்பார்கள். அதோடு பேச்சு முடிந்து டம்ளரை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

சிறுபத்திரிகை விமர்சனம் இந்தப் பேச்சைப் பொருட்படுத்தியதில்லை. வெகுசன சினிமாவைப் பற்றி எழுதும்போது நாம் பார்வையாளனை இரண்டே விதமாகத்தான் வைத்திருக்கிறோம். ஒன்று, அவன் பிம்பத்தில் மயங்கிக் கிடப்பவன். அல்லது நம்மால் எழுப்பப்பட வேண்டியவன். எம்.ஜி.ஆர். பற்றி எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் ஆங்கிலத்தில் எழுதிய 'தி இமேஜ் ட்ராப்', கிராம்ஷியின் துணையோடு, அடித்தட்டு மக்கள் தமக்கு எதிரான ஒரு ஆட்சிக்கே எப்படி இசைவு தந்தார்கள் என்ற கேள்வியை வைத்தது. கேள்வி அன்றும் தேவையாக இருந்தது, இன்றும்தான். கோளாறு நம்மிடம் இருக்கிறது. கேள்வியாக வந்ததை நாம் விடையாக்கிக்கொண்டோம். 'ஜனங்க ஏமாந்துட்டாங்க' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டுரைக்குப் போய்விட்டோம். 'என்னமோ கொறையுது' என்றவனிடம் 'எதுப்பா கொறையுது?' என்று திருப்பிக் கேட்கவில்லை.

இந்தக் கட்டுரை அப்படிக் கேட்டுப் பார்க்கிற ஒரு முயற்சி. இங்கே பேசப்படும் படங்கள் எல்லாம் காட்டைப் பற்றியவை. நான் காட்டுக்குக் கீழே சமவெளியில் வளர்ந்தவன். கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணை வந்தால் மேலே கல்வராயன் மலை. அந்த மலையைப் பார்த்துக்கொண்டே, அங்கே யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் வளர்ந்த பல பேரில் நானும் ஒருவன்.

2

'கேப்டன் பிரபாகரன்' 1991 ஏப்ரலில் வந்தது. ஆர்.கே. செல்வமணி இயக்கம், விஜயகாந்துக்கு நூறாவது படம். பள்ளிக்கூடம் படிக்கும்போது கீற்றுக் கொட்டகையில், மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்தேன். 2025 ஆகஸ்டில் மறுபடி தியேட்டருக்கு வந்தபோது போனேன். விஜயகாந்த் 2023 டிசம்பர் 28இல் இறந்திருந்தார். எங்கள் பக்கத்துக்கு அவர் நடிகர் மட்டுமல்ல. 2011இல் ரிஷிவந்தியத்தில் ஜெயித்து எதிர்க்கட்சித் தலைவரானவர், 2016இல் உளுந்தூர்பேட்டையில் நின்று தோற்றவர். ஆகவே விசிலில் பாதி துக்கமாக இருந்தது. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன் என்பதைச் சொல்லித்தானாக வேண்டும்.

ஆனால் துடைத்த கண்ணுக்கு வேறொன்றும் தெரிந்தது. அந்தப் படத்தில் காடு வில்லனின் வீடு. சந்தனக் கடத்தல்காரன் வீரபத்திரன் அங்கே ராஜா. அவனோடு அரசியல்வாதிகளும் அதிகாரிகளும் கூட்டு என்பதைப் படம் மறைக்கவில்லை, அதற்காகவே நாங்கள் கைதட்டினோம். மீட்க வருகிறவன் யூனிபார்ம் போட்ட நல்ல வன அதிகாரி. கெட்ட அதிகாரிக்குப் பதில் நல்ல அதிகாரி. இந்த இரண்டுக்கும் நடுவில் மலைக்காரர்கள் மிரண்டுபோய் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பயப்படுவதைத் தவிர வேலை இல்லை.

படம் வந்து பதினாலு மாதம் கழித்து, 1992 ஜூன் 20ஆம் தேதி, கல்வராயனுக்கு மேற்கே சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்திக்குள் வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் நுழைந்தன. தேடியது சந்தனக்கட்டை. பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள், ஊர் சூறையாடப்பட்டது. அப்போது அது என் காதுக்கே வரவில்லை. வந்திருந்தாலும், வன அதிகாரிக்கு விசிலடித்த உதடு என்ன சொல்லியிருக்கும்? படம் பார்த்ததனால் வாச்சாத்தி நடந்தது என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்வது அசட்டுத்தனம். காடு என்றால் குற்றம், யூனிபார்ம் என்றால் மீட்பு என்கிற கதையாடல் படத்துக்கு முன்பே ஆபீஸ் கோப்புகளில் இருந்தது. படம் அதற்கு இளையராஜாவின் இசையைச் சேர்த்துக் கொடுத்தது.

அந்தக் கதையாடல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மெத்தனால் ஆலைச் சரக்கு. வேலம்பட்டையும் வெல்லமும் போட்டு ஊறல் வைக்கிற மலையில் அது காய்ச்சப்படுவதில்லை. ஆனாலும் ரெய்டு மலையேறியது. ஊறல் கொட்டப்பட்ட காட்சிகளை டி.வி.யில் பார்த்தோம். சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து, அந்த மலைமக்கள் எப்படித்தான் வாழ்கிறார்கள் என்று ஒரு வழக்கை எடுத்த பிறகுதான், ரோடு, ஆஸ்பத்திரி என்ற வார்த்தைகள் கல்வராயனோடு சேர்த்து உச்சரிக்கப்பட்டன.

3

இனி இரண்டாம் பாகங்களுக்கு வருவோம். 2024 டிசம்பரில் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு வந்தன. டிசம்பர் 5இல் 'புஷ்பா 2', டிசம்பர் 20இல் 'விடுதலை'யின் இரண்டாம் பாகம். ஒன்று தெலுங்கு வியாபாரப் படம். மற்றது 'நம்ம' படம். இரண்டின் முதல் பாகங்களையும் மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு இரண்டாவதைப் பார்த்தேன்.

2021இல் வந்த முதல் 'புஷ்பா'வில் அவன் கூலி. சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டுகிறவன். முதலாளி வரும்போது கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தபடி டீ குடிக்கிறான். இந்த ஒரு காட்சியின் கனம் மற்ற இடங்களில் எப்படியோ, கல்வராயனில் வேறு. அந்த மலை 1976 வரை சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்களின் கையில் இருந்தது. இந்தியாவுக்குச் சுதந்திரம் வந்து இருபத்தொன்பது வருஷம் கழித்துத்தான் அந்த ஜாகீர்கள் போயின. அதுவரை கூலி இல்லாத வேலை. ஜாகீர்தார் முன்னால் கால்மேல் கால் என்ன, காலை நீட்டி உட்கார்ந்திருக்க முடியுமா? அந்த மலைக்காரனின் மகனும் பேரனும்தான் பிறகு செம்மரம் வெட்ட ஆந்திராவுக்குப் போனார்கள். சொந்த மலையில் சந்தனம் தீர்ந்துபோனது, ஆனால் கோடாலி பிடித்த கை அங்கேயேதான் இருந்தது. புரோக்கர்களுக்கு அந்தக் கைதான் தேவைப்பட்டது.

முதல் பாகத்தின் பலம் கதாநாயகனின் உடம்பு. ஒரு தோள் சரிந்த நடை, கட்டை சுமந்து காய்த்த உடம்பு. அந்தக் காயம் மூலதனமாக்கப்படுகிறது. போலீஸ் வரும்போது கட்டைகளை ஆற்றில் தள்ளிவிட்டுத் தப்பிக்கிறான். தியேட்டர் அதிர்கிறது. நான் அதே இடத்தில் 2018 பிப்ரவரியை நினைத்துக்கொண்டேன். கடப்பா மாவட்டத்து ஒண்டிமிட்டா ஏரியில் அப்போது மிதந்தது மரமல்ல. ஐந்து உடல்கள், கல்வராயனின் சேலம் பக்கத்து ஊர்க்காரர்கள். அதற்கு முன் 2015 ஏப்ரல் 7இல் அதே சேஷாசலத்தில் ஆந்திரச் சிறப்புக் காவல் படை இருபது தமிழர்களைச் சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்துக் கூலிகள்.

இரண்டாம் பாகத்தில் புஷ்பா கூலி இல்லை, சிண்டிகேட்டின் தலைவன். முதலமைச்சர் தன்னோடு போட்டோ எடுத்துக்கொள்ள மறுத்தார் என்பதற்காக முதலமைச்சரையே மாற்றுகிறான். முதல் பாகத்தில் குலப்பெயர் மறுக்கப்பட்டவனுக்கு இதில் கடைசியில் அந்தக் குடும்பமே குலப்பெயரைக் கொடுக்கிறது. அதாவது, குலப்பெயர் என்கிற ஏற்பாட்டையே கேள்வி கேட்டு எழுந்த பிரதி, அந்தப் பெயர் கிடைத்ததும் சமாதானமாகி உட்கார்ந்துவிடுகிறது. மரம் யார் வெட்டினார்கள்? தெரியாது. மரம் லாரியில் ஏறிய பிறகுதான் இந்தப் படத்துக்குக் கண் திறக்கிறது.

சரி, அது வியாபாரப் படம். 'விடுதலை'? 2023இல் வந்த முதல் பாகத்தில் மலை கிராமம், போலீஸ் முகாம், அங்கே பெண்களை நிர்வாணமாக்கிச் செய்கிற சித்திரவதை. பார்த்தவர் எல்லோருக்கும் வாச்சாத்தி நினைவு வந்தது. ஒரு கடைநிலைப் போலீஸ்காரனின் கண்வழியே நாம் அந்த மக்களைப் பார்த்தோம். இரண்டாம் பாகம் வாத்தியாரின் கதை. அவருடைய குரு, அவருடைய காதல், அவருடைய கட்சி, அவருடைய தத்துவம். வாத்தியார் நிறையப் பேசுகிறார், சரியாகவும் பேசுகிறார். எனக்கு அதில் பல வசனங்கள் பிடித்தன. ஆனால் முதல் பாகத்தில் அடிவாங்கிய அந்த மலைக்காரர்கள்? அவர்கள் வாத்தியாருக்குப் பின்னால் போய்விட்டார்கள். நம் தோழர்கள் யாரும் இதைப் பற்றி எழுதவில்லை என்பதல்ல என் வருத்தம். நானும் முதல் முறை பார்த்தபோது அவர்களைத் தேடவில்லை.

'என்னமோ கொறையுது' என்று டீக்கடையில் சொன்னானே, அந்த 'என்னமோ' இதுதான் என்று எனக்குப் பட்டது. முதல் பாகம் கூலியின் காயத்தைக் கடன் வாங்கித் தலைவனை உண்டாக்குகிறது. இரண்டாம் பாகம் தலைவனை மட்டும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறது. கடன் திருப்பித் தரப்படுவதில்லை.

4

இந்த முடிவோடு நான் மலைக்குப் போனேன். போன இடத்தில் அது கொஞ்சம் ஆட்டம் கண்டது.

வெள்ளிமலைப் பக்கம் ஒரு அண்ணன். பெயரும் ஊரும் வேண்டாம். கொஞ்சம் மரவள்ளி, கொஞ்சம் சாமை. சில வருஷத்துக்கு முன்பு 'பில்டிங் வேலை' என்று கூட்டிப்போய், காட்டில் இறக்கிவிடப்பட்டவர். ஆந்திரச் சிறையில் எட்டு மாதம். ஆட்டை விற்று, நிலத்தை அடகு வைத்து ஜாமீன். இன்றும் வாய்தாவுக்குப் போய்வருகிறார். பஸ் சார்ஜுக்கே ஒரு வாரக் கூலி போகிறது.

அவர் செல்போனில் 'புஷ்பா 2' இருந்தது, தமிழில் பேசுவது. நான் என் வியாக்கியானத்தை ஆரம்பித்தேன். கூலிகளை இந்தப் படம் எப்படி அழிக்கிறது, இத்யாதி. பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: 'இல்ல தம்பி, நாங்க இருக்கோம். ஒரு எடத்துல இருக்கோம்.'

ஓட்டிக் காட்டினார். போலீஸ் புஷ்பாவின் ஆட்களைப் பிடித்து அடைத்து வைத்திருக்கிறது. அவன் வந்து அந்த ஸ்டேஷனையே, போலீஸ்காரர்கள் உட்பட, விலைக்கு வாங்கி ஆட்களை மீட்கிறான். கட்சிதமான மசாலா. நான் தியேட்டரில் இந்த இடத்தில் சிரித்திருந்தேன்.

'இது வரைக்கும்தான் பாப்பேன். எத்தினியோ வாட்டி பாத்துட்டேன். புடிச்ச ஆளுங்கள வுடுன்னு சொல்ல ஒருத்தன் வர்றான் பாருங்க. எங்களுக்கு யாரு வந்தா? கூட்டிக்கினு போன புரோக்கர் நம்பரு அன்னிக்கே சுவிட்ச் ஆஃபு.'

'அப்ப படம் உங்களுக்குப் புடிச்சிருக்கு?'

'அதான் சொன்னனே, மொதோ பார்ட் அளவுக்கு இல்ல.'

'ஏன்ணா?'

கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். 'வெளிய வந்த ஆளுங்க அப்பறம் என்னா ஆனாங்கன்னு காட்டலையே தம்பி. ஊட்டுக்குப் போனாங்களா, கேசு முடிஞ்சுதா? ஒண்ணும் இல்ல. அவன் போட்டோ புடிக்கப் போயிட்டான்.'

நான் நாலு பக்கம் எழுதி வைத்திருந்ததை அவர் நாலு வரியில் சொன்னார். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நான் 'பிரதியில் கூலி இல்லை' என்றேன். அவரோ பிரதிக்குள் தான் இருக்கிற இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அதை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார். மிச்சத்தை ஓட்டிவிடுகிறார். பிம்பத்தில் மயங்கிக் கிடப்பவன் செய்கிற காரியமா இது? மீட்க ஒருவன் வருவான் என்கிற ஆசை அவருக்கு இருக்கிறது. அது கனவு என்பதும் தெரிந்திருக்கிறது, கனவு முடிகிற இடத்தில் நிறுத்திவிடவும் தெரிகிறது. மீட்பனை நம்புவது ஆபத்து என்று அவருக்குப் பாடம் எடுக்க எனக்கு என்ன யோக்கியதை? எட்டு மாதமும் அவரைப் பார்க்க எந்த மீட்பனும் போகவில்லை, நாமும் போகவில்லை.

5

அப்படியானால் கூலிகள் காணாமல் போகாத இரண்டாம் பாகம் எதுவுமே இல்லையா? ஒன்று இருக்கிறது, ஆனால் அது சினிமா இல்லை.

வாச்சாத்தியில் 1992இல் நடந்தது முதல் பாகம் என்றால், இரண்டாம் பாகம் 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றத்தில் வந்தது. குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. பன்னிரண்டு வருஷம் கழித்து 2023 செப்டம்பர் 29இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இதில் பழங்குடி மக்கள் சங்கம் இருந்தது, மார்க்சிஸ்ட் கட்சி இருந்தது, வக்கீல்கள் இருந்தார்கள். அவர்கள் இல்லாமல் இது நடந்திருக்காது. ஆனால் முப்பத்தொரு வருஷமும் கதையின் நடுவில் நின்றவர்கள் அந்தப் பெண்கள். சாட்சிக்கூண்டில் ஏறியவர்கள் அவர்கள், ஆளைக் காட்டி 'இவன்தான்' என்றவர்கள் அவர்கள். எந்த வாத்தியாரும் அவர்களுக்கு முன்னால் வந்து மறைத்து நிற்கவில்லை, நிற்க அவர்களும் விடவில்லை.

இதைச் சினிமாக்காரர்களுக்கான புத்திமதியாக நான் எழுதவில்லை. நம் இயக்கங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் இரண்டாம் பாகங்கள் உண்டு. முதல் கூட்டத்துக்கு மலையிலிருந்து ஆட்களைக் கூட்டி வருகிறோம். அடுத்த கூட்டத்தில் நாம் மட்டும் மேடையில் இருக்கிறோம், அவர்கள் போஸ்டரில் இருக்கிறார்கள். 2015இல் செத்த இருபது பேரைப் பற்றி நாம் எல்லோரும் எழுதினோம். அதே கேசுகளில் சிக்கி உயிரோடு திரும்பி வந்து வாய்தாவுக்கு அலைகிறவர்களைப் பற்றி எத்தனை பேர் எழுதினோம்?

மலையிலிருந்து இறங்கும்போது அந்த அண்ணன் பஸ் நிறுத்தம் வரை வந்தார். அடுத்த வாய்தா எப்போது என்று கேட்டேன். தேதியைச் சொன்னார். 'நானும் வர்றேண்ணா' என்றேன்.

'வா தம்பி. ஆனா ஒரு வாட்டி வந்துட்டு நின்னுடக் கூடாது' என்றார்.