ரிப்ளியின் கையில் துப்பாக்கி

1992இல் வெளிவந்த ‘ஏலியன் 3’ டேவிட் ஃபின்ச்சரின் முதல் படம். சிறைக்கோள் ஒன்றில் வந்து விழும் ரிப்ளியிடமும் அங்குள்ள கைதிகளிடமும் துப்பாக்கி கிடையாது. வேட்டையாடும் ஏலியனும் ஒன்றே ஒன்றுதான். ஆனால் அதே படத்தின் பெயரில் வந்த வீடியோ கேம்களில் ரிப்ளியின் கையில் இயந்திரத் துப்பாக்கி, தீயெறி கருவி, கையெறி குண்டு எல்லாம் இருக்கின்றன. ஏலியன்களோ கூட்டங்கூட்டமாக வருகின்றன.

திரைப்படத் தழுவல் பற்றிய வகுப்புக்காக இந்த விளையாட்டுகளை என் மாணவியரோடு லேப்டாப்பில் விளையாடிப் பார்த்தேன். சிறுவயதில் டிவி கேம் ரிமோட் அண்ணன்களின் கையிலேயே இருக்கும், நான் பின்னால் உட்கார்ந்து பார்த்தவள். இப்போதும் முதல் கட்டத்தைத் தாண்ட எனக்கு அரைமணி நேரம் ஆனது.

சேகா மெகா டிரைவுக்காகப் பிரிட்டனின் ப்ரோப் நிறுவனம் செய்த விளையாட்டில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். அது தீர்வதற்குள் சிக்கிக் கிடக்கும் கைதிகளை ரிப்ளி ஓடி ஓடி மீட்க வேண்டும். பெண் மீட்பர், நல்லதுதானே என்று தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் படத்தில் இந்தக் கைதிகளில் சிலர்தான் ரிப்ளியை வன்புணர முயல்கிறார்கள். அவளுக்கு அங்கே இரண்டு ஆபத்துகள்: மிருகம், ஆண்கள். விளையாட்டு இரண்டாவதைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டு, அந்த ஆண்களையே அவள் காப்பாற்ற வேண்டியவர்களாக்குகிறது.

1993இல் வந்த சூப்பர் நிண்டெண்டோ வடிவத்தையும் ப்ரோப்தான் செய்தது. இங்கே கணினி முனையங்களில் வேலைப் பட்டியல் வருகிறது: குழாய்களைச் சரிசெய், கதவைப் பற்றவைத்து அடை, முட்டைகளை அழி. ரிப்ளி ஒரு தொழிலாளி என்பதை நினைவில் வைத்திருக்கும் வடிவம் இது. விளையாட்டாக இதை ரசித்தேன் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. கேம் பாய்க்கு பிட்ஸ் ஸ்டூடியோஸ் செய்ததோ, மேலிருந்து பார்க்கும் கோணத்தில், நிறமில்லாத சின்னத் திரையில் தேடித் திரியும் விளையாட்டு.

‘அந்தக் காலத்துக் கருவிகளுக்கு அவ்வளவுதான் முடியும்’ என்ற சமாதானத்தை இந்த ஒப்பீடு உடைக்கிறது. ஒரே படத்தை ஒரே நிறுவனம் இரண்டு விதமாக யோசிக்க முடிந்திருக்கிறது. மிக எளிய கருவியில்கூடச் சுடுவதை விடத் தேடுவதை முக்கியமாக்க முடிந்திருக்கிறது. ஆகவே எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது தேர்வு சார்ந்தது.

விடப்பட்டவற்றில் முக்கியமானது ரிப்ளியின் உடல். படத்தில் கொல்ல வந்த மிருகம் அவளை நெருங்கிவிட்டு விலகிப் போகிறது. காரணம், அவளுக்குள் ராணிக் கரு வளர்கிறது. அதைப் பத்திரமாக எடுத்துத் தருகிறோம் என்கிறது கம்பெனி. அவர்களுக்கு வேண்டியது கரு மட்டுமே. அவள் மறுத்து உலைக்குள் சாய்கிறாள். தன் உடலில் தன் அனுமதியின்றி நுழைந்த ஒன்றைப் பற்றிய முடிவைத் தானே எடுக்கிறாள். அந்த முடிவைக் கொண்டாட வேண்டுமா என்று நாம் வாதிடலாம். அது அவளுடைய முடிவு என்பதில் வாதமில்லை. மெகா டிரைவிலும் சூப்பர் நிண்டெண்டோவிலும் ஓடுகிறோம், சுடுகிறோம், பழுது பார்க்கிறோம். அந்தக் கரு நம் ஆட்டத்தில் எதையும் மாற்றுவதில்லை. உடலென்பது குறையும் உயிர்ப் புள்ளிகள் மட்டுமே.

விளையாடி முடித்ததும் ஒரு மாணவி கேட்டாள்: “மேம், இதுல ரிப்ளிக்குப் பதிலா ஒரு ஆம்பளையப் போட்டாலும் கேம் அப்படியேதானே இருக்கும்?”

அப்படியேதான் இருக்கும். ஆயுதம் ஏந்தியவள்தான் வலிமையான பெண் என்று நம் திரைப்படங்களும் நமக்குப் பழக்கியிருக்கின்றன. அடுத்த முறை அப்படியொருத்தியைப் பார்த்துக் கைதட்டும்போது அந்த மாணவியின் கேள்வியையும் கேட்டுப் பாருங்கள். ஆணை வைத்தாலும் மாறாத கதையில் பெண்ணின் பெயர் மட்டும்தான் இருக்கிறது.