எமரால்டு ஏரியும் மூன்று ஆய்வுகளும்

போட்டோ, வீடியோ எடுக்கிற பொழுதுபோக்கு மனசுக்கு நல்லது என்று எழுதுபவர்கள் அடிக்கடி கைகாட்டுவது, கிறிஸ்டின் டீலும் இருவரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வை. ஒன்பது சோதனைகள். அதில் ஒன்று, பிலடெல்பியா நகரில் ஒரு பஸ் சுற்றுலா. படம் எடுத்தவர்கள், எடுக்காதவர்களைவிட அதிகம் ரசித்தார்களாம். சரிதான். ஆனா அதே கட்டுரையில் இன்னும் இரண்டு விஷயம் இருக்கு, அதை யாரும் சொல்றதில்லை. கருவி இடைஞ்சலாக இருந்தால் அந்தப் பலன் கிடைப்பதில்லை. அனுபவமே பிடிக்காததாக இருந்தால், படம் எடுப்பது அதை இன்னும் கெடுக்கிறது.

லிண்டா ஹென்கல் அருங்காட்சியகத்தில் செய்த சோதனை (2014) இதைவிடச் சுவாரசியம். படம் எடுத்த பொருள்களைவிட வெறுமனே பார்த்தவைதான் மறுநாள் நன்றாக நினைவில் இருந்தன. ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்தவர்களுக்கு இந்த மறதி இல்லை. ஜூமுக்கு வெளியே விட்டதுகூட அவர்களுக்கு ஞாபகம் இருந்தது!

எமரால்டில் நான் பார்க்கிறது முதல் வகை. கார் நிற்கும், ஏரி, தேயிலை, மூடுபனி, ஐந்து நிமிஷம், கிளம்பிடுவாங்க. எல்லார் போனிலும் ஒரே படம், கீழே 'மனிதன் தொடாத இயற்கை' என்று ஒரு வரி. அது குந்தா நீர்மின் திட்டத்துக்காக, கனடா உதவியோடு கட்டிய அணையின் தண்ணீர். கோடையில் தண்ணீர் இறங்கினால் கரையைச் சுற்றி செம்மண் பட்டை தெரியும். அதை யார் எடுக்கிறார்கள்? பக்கத்து அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. அப்போது சரிந்த மண்ணும் இந்தப் படங்களில் வராது.

ஒரே வளைவில் நின்று வருஷம் முழுக்க எடுத்தால் இதெல்லாம் தானாகத் தெரியும். பொழுதுபோக்குக்குப் பொருந்துகிற ஆய்வு, லிஸ் ப்ரூஸ்டர், ஆண்ட்ரூ காக்ஸ் இருவரும் 2018-இல் வெளியிட்டது. தினம் ஒரு படம் எடுத்துப் பகிர்கிறவர்களைக் கவனித்தார்கள். அதற்காக வெளியே போவது, சின்ன விஷயத்தைக் கவனிப்பது, பார்த்தவர்களோடு பேச்சு, பழைய படங்களைப் புரட்டுவது, இதுதான் அவர்களுக்குத் தெம்பு. ஒருநாள் சுற்றுலாவை அளந்த முடிவை இந்தப் பழக்கத்தின் மேல் ஒட்டுவது தப்பு.

ஃபிலிம் காலத்தில் நிதானமாக எடுத்தோம் என்பவர்களும் உண்டு. ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ரோல் தயாரித்த காலத்து ஆட்கள். ரோலுக்கு 36 படம், ஒவ்வொன்றும் காசு. பக்குவம் என்று அதைச் சொல்ல மாட்டேன், சிக்கனம்தான்.

மூன்று ஆய்வுக்கும் பொதுவாக எனக்கு ஒரு குறை இருக்கு. கேமராவுக்குப் பின்னால் நிற்பவரைத்தான் கேட்டிருக்கிறார்கள். இங்கே கொழுந்து பறிக்கும் அக்காக்களிடம் கூடையோடு திரும்பச் சொல்லி, சிரிக்கச் சொல்லி, வீடியோவுக்காக மறுபடி பறிக்கச் சொல்கிறார்கள். பறிக்கிற கிலோவுக்குக் கணக்கு இருக்கு. நின்று சிரித்த நேரம் அதில் சேராது. நம்ம ஊரில் யாராவது இந்த ஆய்வைச் செய்தால், கேள்வித்தாளில் ஒரு பிரதி அவங்க கையிலும் போகணும்.