யாருக்குத் திறக்கிறது கதவு? – ‘ராக்கெட் சிங்’ படத்தை முன்வைத்து

கம்ப்யூட்டர் துறை என்றதும் நம் கதைகளும் சினிமாக்களும் கண்ணாடிக் கட்டடத்துக்குள் உட்கார்ந்திருப்பவனையே காட்டுகின்றன. வெயிலில் பைக் ஓட்டி, கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி, மெஷினும் ஏ.எம்.சி. என்கிற பராமரிப்பு ஒப்பந்தமும் விற்கிற ஆளைக் காட்டிய படம் அபூர்வம். 2009இல் வந்த ‘ராக்கெட் சிங்: சேல்ஸ்மேன் ஆஃப் தி இயர்’ என்ற இந்திப் படம் அதைச் செய்தது. ஷிமித் அமீன் இயக்கம், ஜெய்தீப் சாஹ்னி எழுத்து. செய்ததாலேயே அதைச் சும்மா விட முடியவில்லை.

மும்பையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி. பி.காம். முடித்த ஹர்பிரீத் சிங் அங்கே சேல்ஸ்மேனாகச் சேர்கிறான். லஞ்சம் கேட்ட வாடிக்கையாளர்மேல் புகார் கொடுக்கிறான். ஆர்டர் போகிறது, மானமும் போகிறது. கூட இருப்பவர்கள் காகித ராக்கெட் விட்டுக் கேலி செய்கிறார்கள். அந்தக் கம்பெனிக்குள்ளேயே ரிசப்ஷனிஸ்ட், டெக்னீஷியன், டீ கொடுக்கிற பியூன் எல்லாரையும் பங்காளியாக்கி, ரகசியமாக இன்னொரு கம்பெனி நடத்துகிறான். பியூனும் பங்காளி என்ற இடத்தில் எனக்கும் தொண்டை அடைத்தது. பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தப் பியூன் பேரு என்ன தெரியுமா? சோட்டேலால் மிஸ்ரா. மிஸ்ரா, வடக்கே பிராமணப் பெயர். ஏழைப் பிராமணர் பியூன் வேலை பார்ப்பதில்லையா என்று கேட்கலாம். பார்ப்பார்தான். கேள்வி அதுவல்ல. அடியில் நிற்கிற ஆளுக்கும் அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டால் சமபங்கு பேசுவது எவ்வளவு சுலபம்! ஹர்பிரீத்தின் தலைப்பாகை மதத்தைச் சொல்கிறது. சாதிபற்றிப் படம் வாயே திறக்கவில்லை. நேர்மையா லஞ்சமா என்பதோடு சண்டை முடிந்துபோகிறது.

இந்தத் தொழிலில் சென்னையில் ஒன்பது வருஷம் அலைந்தவன் நான். பெட்டியைப் பார்த்து வாங்கலாம், சர்வீஸைப் பார்க்க முடியாது. சர்வர் படுத்துக்கிட்டா நாலு மணி நேரத்தில் ஆள் வரும் என்கிற வாக்கைத்தான் விற்கிறோம். வாக்கை வாங்குகிறவன் ஆளைப் பார்க்கிறான். அம்பத்தூரில் ஒரு முதலாளி என் கொட்டேஷனை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்:

“தம்பிக்குச் சொந்த ஊரு?”

சொன்னேன்.

“ஊர்ல எந்தத் தெரு?”

“காலனி சார்.”

“அப்படியா... சரி, சொல்லி அனுப்புறேன்.”

சொல்லி அனுப்பவே இல்லை. அடுத்த மாசம் எங்க ஆபீஸிலிருந்தே இன்னொருத்தன் போய், அதே விலைக்கு, அதே ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி வந்தான். “அவரு எங்க ஆளுடா” என்று சிரித்தான். டார்கெட் எட்டாததால் எனக்கு இன்சென்டிவ் கிடையாது. மேனேஜர் சொன்ன காரணம்: “உனக்கு ரிலேஷன்ஷிப் பத்தல.” ரிலேஷன்ஷிப்! தமிழில் சொந்தபந்தம் என்று சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும் பாருங்கள்.

இது என் ஒருத்தன் புலம்பல் இல்லை. ஒரே தகுதி, பெயர் மட்டும் வேறு என்று தனியார் கம்பெனிகளுக்கு விண்ணப்பம் அனுப்பிப் பார்த்தார்கள் சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும். உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு சுமார் மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. ஆய்வு அச்சானது 2007இல், படம் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே. தபாலில் போகிற பெயருக்கே இந்தக் கதி. தினமும் நாலு வாசலில் கார்டு நீட்டுகிறவனுக்கு?

கடைசியில் முதலாளி பூரி அந்தச் சின்னக் கம்பெனியை 1 ரூபாய்க்கு எழுதி வாங்கிப் பிறகு திருப்பித் தருகிறார். ஹர்பிரீத் மறுபடி வாடிக்கையாளர்களைத் தேடிப் போகலாம். எந்த வாசலிலும் அவனை யாரும் எந்தத் தெரு என்று கேட்கவில்லை.