கணக்கில் வராதவர்கள்: போரும் மும்பையின் எதிர்ப்புக் கலையும்

இரண்டாம் உலகப் போரில் பம்பாய் மீது எதிரி விமானம் எதுவும் குண்டு வீசவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து போர்களின் விலையை இந்த நகரம் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறது. அதன் துறைமுகத்தில் வெடிமருந்து இறங்கியது. டிராம்பேயில் அணுகுண்டுக்கான புளூட்டோனியம் உருவானது. சகார் விமான நிலையத்தில் குவைத்திலிருந்து தப்பியவர்கள் கையில் ஒரு பையோடு வந்திறங்கினார்கள். போரை எதிர்த்த இந்தியக் கலையின் முக்கியப் படைப்புகள் சிலவும் இதே நகரத்தில்தான் பிறந்தன. மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் தலைமுறைகளாக வாழும் தமிழர்களின் வாசலருகே நடந்த வரலாறு இது. நம் இலக்கிய உரையாடலில் அதற்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு.

இந்தப் படைப்புகளைச் சேர்த்துவைத்துப் பார்த்தால் ஒரு பொதுப்பண்பு தெரிகிறது. அரசின் கணக்கு விட்டுவிட்ட மனிதர்களை முகத்தோடும் ஊரோடும் பதிவுசெய்வதைத்தான் இவை தம் முதல் கடமையாகக் கொண்டிருக்கின்றன.

பசியும் வெடிமருந்தும்

1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சம் போரின் விளைவு. 1942இல் ஜப்பான் பர்மாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. எதிரிக்குக் கிடைத்துவிடக் கூடாது என்று கடலோர வங்கத்தின் படகுகளையும் உபரி நெல்லையும் ஆங்கிலேய அரசு அப்புறப்படுத்தியது. போர்ச் செலவு விலைவாசியை ஏற்றியது. கல்கத்தாவின் போர்த் தொழில்களுக்குத்தான் உணவு முதலில் போனது. கிராமத்துக் கூலிகளும் மீனவர்களும் பட்டினியாலும் நோயாலும் மடிந்தார்கள். இறந்தவர்கள் சுமார் 30 லட்சம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு.

அந்த ஆண்டு நவம்பரில் ஓவியர் சித்தபிரசாத் பட்டாச்சார்யா மிதுனாப்பூர் மாவட்டத்தில் ஊர் ஊராகப் போனார். கறுப்பு மையால் வரைந்தார். யாரை வரைந்தாரோ அவர் பெயர், ஊர், எப்படி இந்த நிலைக்கு வந்தார் என்பதையும் குறித்துக்கொண்டார். ‘ஹங்கிரி பெங்கால்’ என்ற சிறுநூலாக அது வெளிவந்ததும் அரசு பிரதிகளைப் பறிமுதல் செய்து அழித்தது. குடும்பத்தாரிடம் தப்பிய பிரதியிலிருந்து 2011இல் மறுபதிப்பு வந்தது. சித்தபிரசாத் பின்னர் பம்பாய்க்கு வந்து அந்தேரியில் பல்லாண்டுகள் வாழ்ந்தார். 1943 மே 25 அன்று பம்பாயில் தொடங்கப்பட்ட இந்திய மக்கள் நாடக மன்றமும் இதே பஞ்சத்தைக் கையில் எடுத்தது. மன்றத்தின் சார்பில் கே.ஏ. அப்பாஸ் இயக்கிய ‘தர்த்தி கே லால்’ 1946இல் திரைக்கு வந்தது.

பம்பாயின் சொந்தக் காயத்துக்கு இப்படி ஒரு பதிவு வாய்க்கவில்லை. 1944 ஏப்ரல் 14 மாலை விக்டோரியா துறையில் நின்ற ‘ஃபோர்ட் ஸ்டிகைன்’ கப்பல் வெடித்தது. சுமார் 1,400 டன் வெடிபொருளையும் பஞ்சுப் பொதிகளையும் அதில் ஒன்றாக ஏற்றியிருந்தார்கள். அதிர்வு சிம்லாவின் நிலநடுக்கமானி வரை பதிவானது. தீயணைப்பு வீரர்கள் 66 பேர் இறந்தார்கள். மொத்தச் சாவு எத்தனை என்பதில் இன்றுவரை ஒருமித்த கணக்கு இல்லை. சில நூறுகளிலிருந்து ஆயிரத்துக்கு மேல் வரை சொல்கிறார்கள். போர்க்காலத் தணிக்கையால் பத்திரிகைகள் வாரக்கணக்கில் வாயடைத்திருந்தன. துறைமுகக் கூலிகளின் பெயர்களை எழுதிக்கொள்ள அன்று ஒரு சித்தபிரசாத் அங்கே இல்லை.

எண்ணெயும் கலவரமும்

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைப் பிடித்தபோது, ஏர் இந்தியா அம்மானிலிருந்து பம்பாய்க்கு 488 முறை பறந்து 1,70,000க்கும் மேற்பட்ட இந்தியர்களைக் கொண்டுவந்து சேர்த்தது. பெரும்பாலோர் பிழைப்புக்காகப் போனவர்கள். இருபது ஆண்டுச் சம்பாத்தியத்தை விட்டுவிட்டு வந்தவர்களும் உண்டு. மீட்பை நாம் சாதனையாக நினைவில் வைத்தோம். அவர்கள் இழந்ததை யாரும் எண்ணவில்லை. ஓவியர் விவான் சுந்தரம் 1991இல் இயந்திர எண்ணெயையும் கரியையும் தாளில் படியவிட்டு வளைகுடாப் போர் குறித்த வரிசையொன்றைச் செய்தார். எதற்காகப் போர் நடந்ததோ அந்தப் பொருளையே அவர் வண்ணமாக்கினார்.

தாராவியும் எரிந்த 1992–93 பம்பாய்க் கலவரத்துக்குப் பின், தெருவில் விழுந்துகிடந்த ஒருவரின் செய்திப் புகைப்படத்தை எடுத்து, அதைச் சுற்றி ‘மெமோரியல்’ என்ற நினைவிடத்தைச் சுந்தரம் எழுப்பினார். பெயர் தெரியாத ஒருவருக்குத் தலைவர்களுக்குரிய அடக்க மரியாதை அதில் கிடைத்தது.

செம்பூருக்கு அடுத்த டிராம்பே

டிராம்பேயில் 1954இல் அணுசக்தி ஆய்வு நிலையம் அமைந்தது. அங்கே 1960இல் இயங்கத் தொடங்கிய சைரஸ் உலையின் புளூட்டோனியம் 1974இல் பொக்ரானில் வெடிக்கப்பட்டது. 1998 மே 11, 13 தேதிகளில் மீண்டும் சோதனை நடந்தது. அம்மாத இறுதியில் பாகிஸ்தானும் பதில் சொன்னது. அன்று இந்திய அணுசக்தி ஆணையத்தின் தலைவராக இருந்த ஆர். சிதம்பரம் சென்னையில் பிறந்தவர். பாதுகாப்பு ஆராய்ச்சியின் தலைவராக இருந்த அப்துல் கலாம் இராமேசுவரத்துக்காரர். தமிழர்கள் இதைப் பெருமையாகவே பேசினார்கள், இன்றும் பேசுகிறார்கள். அந்தப் பெருமைக்குள் பதில் சொல்லப்படாத கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தக் குண்டு யாரைக் கொல்லும்?

அந்தக் கேள்வியை அதே நகரத்திலிருந்து இருவர் உரக்கக் கேட்டார்கள். கராச்சியில் பிறந்து பிரிவினையில் இடம்பெயர்ந்த நளினி மலானி, சோதனை நடந்த ஆண்டிலேயே ‘ரிமெம்பரிங் டோபா டேக் சிங்’ என்ற காணொளி நிர்மாணத்தைச் செய்தார். உருது எழுத்தாளர் மண்ட்டோவின் ‘டோபா டேக் சிங்’ கதையில், பைத்தியக்கார விடுதியிலிருந்தவர்களை இரண்டு நாடுகளும் பங்கு போட்டுக்கொள்ள, ஒருவன் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத நிலத்தில் விழுந்து சாகிறான். மலானி தகரப் பெட்டிகளுக்குள் தொலைக்காட்சித் திரைகளை வைத்தார். அகதிகள் சுமந்துபோன அதே வகைப் பெட்டிகள். சுவர்களில் அணுவெடிப்பின் காட்சிகள் ஓடின. ஓவியக் கூடத்தின் வாசலை மிதிக்காத பொதுமக்களும் வந்துபோகும் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அருங்காட்சியகத்தில் அதை வைத்தார் என்பதும் முக்கியம்.

ஆனந்த் பட்வர்தனின் ‘ஜங் அவுர் அமன்’ ஆவணப்படம் 2002இல் வந்தது. பொக்ரானுக்கு அருகே வாழும் கிராமத்தார், ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தைச் சுற்றியுள்ள பழங்குடிகள், பாகிஸ்தான் பள்ளி மாணவிகள், ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் பிழைத்தவர்கள் என்று குண்டின் முழுப் பாதையையும் படம் நடந்து பார்க்கிறது. தணிக்கை வாரியம் பல வெட்டுகளைக் கேட்டது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2003இல் வெட்டு எதுவுமின்றி அனுமதிக்கச் சொன்னது.

யாழ்ப்பாணம் தரும் பாடம்

தமிழில் இந்த மரபு இல்லாமல் இல்லை. ஈழத்தில் அது ஆழமாகவே இருக்கிறது. குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘மண் சுமந்த மேனியர்’ நாடகம் 1985இல் யாழ்ப்பாணத்து மக்களைத் தங்கள் நிலையை மேடையில் பார்க்கவைத்தது. 2009இல் முடிந்த போரின் கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்னது. அதே ஆண்டில் ஓவியர் தா. சனாதனனின் ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ என்ற நூல் வெளியானது. இடம்பெயர்ந்த 80 பேரிடம் இழந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார் சனாதனன். அதைக் கட்டடக்கலை வரைபடமாகவும் பிறகு தன் ஓவியமாகவும் மாற்றி, அவரவர் சொன்ன கதையோடு சேர்த்தார். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்து நிலப் பதிவேடு. நில உரிமையை எழுதிவைத்த ஆட்சியின் வடிவத்தையே, பறிகொடுத்தவர்களின் ஆவணமாக அவர் திருப்பினார்.

இனிச் செய்ய வேண்டியது

இந்தக் கலை எந்தப் போரையும் நிறுத்தவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். ஆனால் ஒரு சிறுநூலை அரசு தேடித் தேடி அழித்திருக்கிறது, ஒரு படத்தைத் தணிக்கை வாரியம் வெட்டத் துடித்திருக்கிறது. மறக்கவைப்பது போரின் இரண்டாம் கட்டம் என்பதை ஆட்சியாளர்கள் நன்றாகவே அறிவார்கள். அந்தக் கட்டத்தில் கலையால் வெல்ல முடியும். வங்கத்தின் பசித்த முகங்கள் இன்று நம்மிடம் இருக்கின்றன. விக்டோரியா துறையின் கூலிகள் இல்லை. ஒருவர் உட்கார்ந்து வரைந்தாரா, இல்லையா என்பதில்தான் இந்த வித்தியாசம்.

மும்பைத் தமிழ் எழுத்தாளர்கள் முன்னே வேலை காத்திருக்கிறது. குவைத்திலிருந்து திரும்பியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். டிராம்பேயில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்கள் செம்பூரில் காலை நடைக்குப் போகிறார்கள். 1993இன் சனவரியைத் தாராவித் தாய்மார்கள் மறக்கவில்லை. இவர்களிடம் கேட்டு, பெயரோடும் தெருவோடும் தமிழில் எழுதிவைக்க வேண்டும். மூத்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கும் காலம் இது. சங்கங்களும் சிற்றிதழ்களும் கல்லூரித் தமிழ்த் துறைகளும் இந்த ஆண்டே இதைத் தொடங்க வேண்டும்.