கிளவுடில் தொலைந்த படங்கள்: ஃபோட்டோரெக் மீட்டுத் தருமா?

குன்னூர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துக்கொண்டால் பீரோவுக்குள் இருக்கும் ஆல்பத்திலும் பூஞ்சணம் ஏறிவிடும். அரசுத் தேயிலை நிறுவனமான டேன்டீயின் தோட்டக் குடியிருப்பில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், அதற்குப் பயந்தே பழைய படங்களைக் கேமராவில் பிரதியெடுத்து, போனில் ஏற்றி, கிளவுடில் வைத்திருந்தது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்தவர்கள் அவர்கள். பிறந்த மண்ணை நினைவுபடுத்த அந்தப் படங்களை விட்டால் வேறு அதிகமில்லை. போனில் இடம் போதாமல் படங்களை அழித்தபோது, ஒத்திசைவு கிளவுடிலும் அவற்றை அழித்துவிட்டது. பல மாதம் கழித்துத் தேடியபோது குப்பைத்தொட்டியும் காலி.

மிஞ்சியது கேமராவின் மெமரி கார்டு. ஃபார்மட் செய்திருந்தாலும் அதன்பின் யாரும் அதைத் தொடவில்லை. அதில்தான் ஃபோட்டோரெக்கை ஓட்டினேன்.

கிறிஸ்டோஃப் கிரெனியே உருவாக்கிய இந்தத் திறமூல மென்பொருளுக்குக் காசு கிடையாது. சாதாரண ஃபார்மட், கார்டின் கோப்பு அட்டவணையை மட்டுமே துடைக்கும். படத்தின் தரவு அப்படியே கிடக்கும். ஜேபெக் கோப்புகள் தொடங்கும் பைட் வரிசை எப்போதும் ஒன்றுதான். ஃபோட்டோரெக் அந்த அடையாளத்தைத் தேடிப் பிடித்துப் படத்தை வெளியே எடுக்கிறது. கார்டில் எதையும் எழுதாது. மீட்பதைக் கணினியின் வேறு டிரைவில் சேமிக்கச் சொல்ல வேண்டும்.

விண்டோஸில் அதன் வரைகலை வடிவமான கியூஃபோட்டோரெக்கைத் திறந்து, கார்டைத் தேர்ந்து, ஜேபெக்கை மட்டும் டிக் செய்து தேடவிட்டேன். பெரும்பாலான படங்கள் முழுதாக வந்தன. தாத்தாவின் வேட்டி மடிப்பும் பாட்டியின் மூக்குத்தியும் தெளிவாகத் தெரிந்தன. சில படங்கள் பாதிக்குக் கீழே சாம்பல் பட்டையாக நின்றன. துண்டு துண்டாகப் பதிந்த கோப்புகள் இப்படித்தான் வரும்.

குறைகளும் உண்டு. கோப்பின் பழைய பெயர் திரும்பாது; ஓர் ஆங்கில எழுத்தும் எண்களுமே பெயராக வரும். 't' என்று தொடங்குபவை சிறு முன்னோட்டப் படங்கள், அவற்றை ஒதுக்கிவிடலாம். போனின் உள் நினைவகத்தில் இது கைகொடுக்காது. அங்கே தரவு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும்.

படம் காணோம் என்றால் முதலில் குப்பைத்தொட்டியைப் பாருங்கள். கூகுள் போட்டோஸ், பேக்கப் ஆன படங்களை 60 நாள் வைத்திருக்கும். ஐபோனில் 30 நாள். அதுவும் கடந்திருந்தால் கார்டைக் கழற்றி வையுங்கள். புதிதாக ஒரு படம் எடுத்தாலும் பழையது ஒன்றின்மேல் அது எழுதப்படலாம்.

மெமரி கார்டுக்கு ஃபோட்டோரெக்கைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் ஒத்திசைவை பேக்கப் என்று நம்பாதீர்கள். போனோடும் கிளவுடோடும் இணையாத ஒரு ஹார்ட் டிஸ்கில் இன்னொரு பிரதி கட்டாயம் இருக்கட்டும்.