சஞ்சிகையின் முகப்பும் எழுத்தாளன் முகமும்

பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் ‘இளங்கதிர்’ போன்ற ஆண்டிதழ்கள் கடைவாயிலிலே தொங்கி வாசகரை அழைக்கவேண்டியவை அல்ல. அவற்றின் முகப்பு அடக்கமாயிருத்தல் கூடும். மாதந்தோறும் விலைப்படவேண்டிய சஞ்சிகையின் நிலை வேறு. தமிழகத்து ‘ஆனந்த விகடன்’ மாலி, கோபுலு ஆகியோரின் நகைச்சுவைச் சித்திரங்களையும், 1941இல் தோன்றிய ‘கல்கி’ மணியத்தின் வண்ண ஓவியங்களையும் முகப்பிலே தாங்கி வந்தன. ஈழத்து வாசகரின் கண்ணும் அவ்வண்ணங்களுக்கே பழகியிருந்தது.

இந்நிலையில், 1966 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்திலே டொமினிக் ஜீவா தொடங்கிய ‘மல்லிகை’ மேற்கொண்ட வழி ஊன்றி நோக்கத்தக்கது. எழுத்தாளர், கலைஞர், கல்விமான் ஆகியோரின் உருவப்படம் அதன் முகப்பில் இடம்பெறலாயிற்று. உள்ளே அவரைப் பற்றிய கட்டுரை. பிற சஞ்சிகைகளிலே அழகிய பெண்முகம் வீற்றிருந்த இடத்தில், இங்கு எழுதுவோன் முகம் அமர்ந்தது. அதுவும் அவன் வாழ்ந்துகொண்டிருக்கும்போதே! வண்ண அச்சுக்கு வசதியின்மையே இதற்குக் காரணம் என்பாரும் உளராகலாம். வசதியின்மை ஒன்றே காரணமாயின், வெறுந் தலைப்பெழுத்தே போதியதாயிருக்கும். முகப்பில் வந்தோரைப் பற்றிய கட்டுரைகள் ‘அட்டைப்பட ஓவியங்கள்’ (1986) முதலாய நூல்களாகத் தொகுக்கப்பெற்றமை, அம்முகப்பு அலங்காரமாக நில்லாது இலக்கிய வரலாற்றுக்கு ஆவணமானதைக் காட்டும்.

ஆயினும் இவ்வழியிலே இழப்பு ஒன்றும் உண்டு. ஆண்டு மலர்கள் ஒருபுறமிருக்க, மாத இதழ்களின் முகப்பை உருவப்படம் பற்றிக்கொண்டபின், ஓவியனின் கற்பனைக்கு அங்கே இடம் சுருங்கிற்று. ஓவியனையும் ‘மல்லிகை’ போற்றியதுண்டு. ஆனால் அவன் முகத்தையே முன்னிறுத்தியது, அவன் தீட்டியதைப் பெரும்பாலும் முன்னிறுத்தவில்லை.